துணைக்கு யாரு வந்திருக்கா? செட்டிநாட்டில் ஐந்து நாள்

முதல் நாள், திங்கள்

எழும்பூரில் ஏறிய பல்லவன் ரயில் காரைக்குடியில் இறக்கிவிட்டபோது மணி ஒன்பதே முக்கால். எங்கள் ஊர்ப் பக்கம் போகும் கடைசி டவுன் பஸ் எட்டரைக்கே கிளம்பிவிடும். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் 400 கேட்டார், 350-க்கு இறங்கினார். பள்ளத்தூர் தாண்டி உள்ளே போக வேண்டும், திரும்பும்போது சவாரி கிடைக்காது, அவர் கேட்டதும் நியாயம்தான்.

"யாருக்கும் மேலுக்கு முடியலையாண்ணே?" என்று பாதி வழியில் விசாரித்தார். இந்த நேரத்தில் இந்தத் தடத்தில் ஆட்டோ பிடிப்பவர்கள் இரண்டே வகையாம். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள்.

எனக்கு இன்னும் வகை முடிவாகவில்லை. அப்பத்தாவுக்கு வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். இருபது நாளாக ஆறவில்லை. அவருக்குச் சர்க்கரை பதினைந்து வருஷப் பழக்கம். போனில் "ஒண்ணுமில்ல அப்பு, செருப்பு கடிச்சது" என்றார். அப்பத்தா "ஒண்ணுமில்ல" என்றால் லீவு போட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நாலு நாள் போட்டேன்.

ஆட்டோ இருட்டில் போகப் போக 2005 நினைவுக்கு வந்தது. பெரியப்பாவுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சு வலி. ஊரில் இருந்த ஒரே அம்பாசடர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. பால் வண்டியைக் கெஞ்சிப் பிடித்து, பின்னால் பாய் விரித்துப் படுக்க வைத்துக் கொண்டு போனோம். டவுனில் முதலில் போன ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்றார்கள். ஒரு மாத்திரை தரவில்லை, ஒரு சீட்டு எழுதவில்லை. மதுரை அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். திருப்பத்தூர் தாண்டி, மேலூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பித்தது 2008 செப்டம்பரில்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பத்தா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "மொதல்ல சாப்பிடு."

இரண்டாம் நாள், செவ்வாய்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எட்டரை மணி டவுன் பஸ். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை தனியாகவே போய் வரும் தைரியம் அப்பத்தாவுக்கு அதற்கப்புறம்தான் வந்தது. பஸ்ஸில் எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். வராந்தா முழுக்கப் பிள்ளைத்தாய்ச்சிகள், பக்கத்தில் அவர்களுடைய அம்மாக்கள், மாமியார்கள், தண்ணீர் பாட்டில்கள், தூக்குவாளிகள். சுவரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்ட போர்டு. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய். போர்டில் இருக்கும் பெயர் இந்தப் பக்கத்துக்காரருடையது என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று ஊரே எதிர்த்தபோது, மன்னரின் அனுமதியில் சேர்ந்து படித்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை ஒரு மணி நேரம்கூட இல்லை.

எங்கள் முறை வந்தது. சின்ன வயசு டாக்டர். புண்ணைப் பார்த்தார், முகம் மாறவில்லை. மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன இழையை எடுத்தார்.

"பாட்டி, கண்ண மூடிக்கங்க. நான் பாதத்துல தொடுவேன். தொட்டதும் 'ம்' சொல்லுங்க."

அப்பத்தா கண்ணை மூடினார். டாக்டர் விரல் நுனியில் தொட்டார். அடிப்பாதத்தில் தொட்டார். இழை லேசாக வளைவது எனக்குத் தெரிந்தது. குதிகாலுக்கு மேலே வந்தபோது ஒரு "ம்". பத்து இடம் தொட்டு முடித்து அவர் இழையை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தொடுவீக?" என்றார் அப்பத்தா, இன்னும் கண்ணைத் திறக்காமல்.

செருப்பு கடித்தது உண்மைதான். கடித்தது தெரியாமலே நாலு நாள் நடந்திருக்கிறார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் வலி என்கிற காவல்காரன் போய்விடுகிறான், அப்புறம் முள் குத்தினாலும் வெந்நீர் பட்டாலும் கால் சொல்லாது. டாக்டர் இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னார். ஆனால் அதற்கு முன் அப்பத்தாவிடம் கேட்ட கேள்வி: "துணைக்கு யாரு வந்திருக்கா?" போன மாதம் தனியாக வந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டாராம். "யாருமில்ல"ன்னதும் மாத்திரையை மட்டும் கொடுத்து, அடுத்த தடவை யாரையாவது கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். அப்பத்தா அதை எங்களிடம் சொல்லவே இல்லை.

கட்டுப் போடும் அறையில் நர்ஸக்கா உப்புத் தண்ணீரால் கழுவினார். இரத்த ஓட்டம் பார்க்க ஒரு ஸ்கேன், எலும்பு வரை போயிருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே, சில ரத்தப் பரிசோதனைகள். இங்கே முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. "வியாழக்கிழமை போங்க, காலையில எட்டு மணிக்குள்ள."

மூன்றாம் நாள், புதன்

ஒரு நாள் சும்மா கிடைத்தது. வீட்டில் சும்மா இருக்க விடாமல் அப்பத்தா என்னை எதிர்த்தெரு ஆச்சி வீட்டுக்கு முறுக்குத் தூக்குடன் அனுப்பினார்.

செட்டிநாட்டு வீடு தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் திண்ணை, முகப்பு, வளவு, முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் பங்காளிகளுக்கு ஆளுக்கொன்று. சிங்கப்பூர், சென்னை, அமெரிக்கா என்று ஆட்கள் போய்விட்டார்கள், அறைகள் பூட்டியிருக்கின்றன. கல்யாணத்துக்கும், முன்னோர்களுக்குப் படையல் வைக்கும் படைப்புக்கும் திறக்கும். ஆச்சிக்கு 81 வயது. பின்கட்டில் ஒரு அறையும் அடுப்படியும் மட்டும் அவர் உபயோகத்தில். முன்வாசலின் பெரிய சாவி இரண்டு கைப்பிடி கனம், அவரால் திருக முடியாது, அதனால் முன்வாசல் எப்போதும் பூட்டுத்தான்.

போன ஐப்பசியில் மழை பெய்து முற்றத்து ஓரம் ஈரமாகி, ஆச்சி வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. நல்லவேளை போன் இடுப்பில் செருகியிருந்தது. 108-க்கு அவரே அடித்து, வீட்டு விலாசத்தைச் சொன்னார். விலாசம் என்றால் தாத்தா காலத்திலிருந்து முன்வாசல் தெரு விலாசம்தானே? வண்டி இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது. முன்வாசலில் வந்து நின்றது. கதவைத் தட்டுகிறார்கள், ஆச்சி உள்ளிருந்து கத்துகிறார். தேக்குக் கதவு, அதற்கப்புறம் நாலு கட்டு. எங்கே கேட்கப் போகிறது? தெரு முழுக்க இப்படியே பூட்டிய வீடுகள், விசாரிக்கவும் ஆள் இல்லை. சுற்றிக்கொண்டு பின்தெருவுக்கு வழி கண்டுபிடித்து வர இன்னொரு இருபது நிமிஷம். வண்டிக்காரர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. "வீட்டைக் கட்டுனவுக பர்மாவுலேருந்து தேக்கு கொண்டாந்தாக, இத யோசிக்கல" என்கிறார் ஆச்சி.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் அந்தப் பையன் கேட்டானாம், "துணைக்கு யாரு வர்றா?" வீட்டு வேலை செய்யும் அக்கா அப்போதுதான் உள்ளே வந்திருக்கிறார். கையில் இருந்த கீரைக்கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு அப்படியே ஏறிவிட்டார். மதுரையில் ஆபரேஷன் முடிந்து மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேரும்வரை ஐந்து நாள் மாற்றுச்சேலை இல்லாமல் கூட இருந்தார். அவர் வேலை செய்யும் மற்ற இரண்டு வீடுகளில் அந்த ஐந்து நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் துணைச் சுகாதார நிலையம் பக்கம் போனேன். புதன்கிழமை தடுப்பூசி நாள், உள்ளே ஒரே அழுகை. கிராம சுகாதார செவிலியர் என் பள்ளிக்கூடத்து ஜூனியர். கூட்டம் குறைந்ததும் பீரோவைத் திறந்து ஒரு சின்னக் கவரைக் காட்டினார். 'இதயம் காப்போம்' திட்டம், 2023-லிருந்து இருக்கிறது. நெஞ்சு வலி என்று வந்தால், டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே கொடுக்க வேண்டிய முதல் டோஸ். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின். மூன்று வகையும் சேர்த்து 14 மாத்திரை. ரத்தம் மேலும் உறைந்து அடைப்பு பெரிதாகாமல் தடுத்து, வழியில் கொஞ்சம் நேரம் வாங்கித் தருவதற்கு.

கவரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தீப்பெட்டிக் கனம்கூட இல்லை. பால் வண்டியில் விரித்த பாய்தான் ஞாபகம் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆத்தங்குடி, தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் ஊர். ஊருக்கு வந்தால் அங்கே ஒரு நடை போகாமல் இருக்க முடியாது. கண்ணாடி மேல் இரும்பு அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை அப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். கண்ணாடியிலிருந்து பிரித்து எடுத்தால் கல் பளபளக்கும், கண்ணாடியிலேயே வந்த மினுக்கு அது. பூ ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனின் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்து வெள்ளையாக இருந்தது. சிமெண்ட் அரிப்பு. காட்டவில்லையா என்றால், "காட்டலாம், அன்னைக்குக் கூலி போகும். காட்டிட்டு வந்து மறுபடி இதுலதானே கைய விடணும்?" ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறாராம். கையுறை போட்டால் கோடு பிசகும் என்கிறார். அது சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் கோடு பிசகாமல்தான் இருந்தது.

நான்காம் நாள், வியாழன்

மணி நாலுக்கு எழுந்தோம். அப்பத்தா குளித்துத் திருநீறு பூசி, தூக்கில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டி, ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தயாராக நின்றார். கல்யாணத்துக்குப் போகும்போதுகூட இவ்வளவு சுத்தமாகக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, பெரிய ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தேர்வு நாலைந்துதான். காரைக்குடி மாவட்டத் தலைமை மருத்துவமனை. சிவகங்கையில் 2012-இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி. புதுக்கோட்டையில் 2017-இல் வந்தது. அதற்கு மேல் மதுரை பெரியாஸ்பத்திரி. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் மதுரையை விட்டால் தஞ்சாவூர் என்றுதான் இருந்தது, அந்த வகையில் தூரம் பாதியாகிவிட்டது. ஒரு வேடிக்கை: செட்டிநாட்டு ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு 1985-இல் ஒரு மருத்துவக் கல்லூரி வந்தது. அது சிதம்பரத்தில் இருக்கிறது. காரைக்குடிக்கு அழகப்பச் செட்டியார் கல்லூரிகளாகக் கட்டினார், நிலமும் பணமும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தையே கொண்டுவந்தார். மருத்துவக் கல்லூரி மட்டும் இன்றுவரை ஊருக்கு அமையவில்லை.

வெளியூர் பஸ்ஸில் இலவசம் கிடையாது. அப்பத்தா டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எட்டு மணிக்கு ஓபி சீட்டு. ஒன்பதரைக்கு டாக்டர். நல்லபடியாகப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம்தான் ஓட்டம். எக்ஸ்ரே கீழ்த்தளத்தில் ஒரு கட்டிடம், ஸ்கேன் பின்னால் வேறொரு கட்டிடம், ரத்தம் எடுப்பது மாடி. ஆறாத புண்ணோடு வந்தவரை ஆறு முறை நடக்க வைக்கும் அமைப்பு. சக்கர நாற்காலி கேட்டேன். "ஆதார் குடுத்துட்டு எடுத்துக்கங்க, தள்றதுக்கு நீங்கதான்." தள்ள நான் இருந்தேன். என்னைப் போல யாரும் இல்லாத ஒரு பெரியவர், கையில் எக்ஸ்ரே கவருடன், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். இரண்டு கவுண்ட்டரில் அவரிடமும் கேட்டார்கள், துணைக்கு யாரு வந்திருக்கா என்று. இரண்டாவது தடவை அவர் என்னைக் கை காட்டிவிட்டார். சரி என்று அவருக்கும் நானே துணையானேன். ஸ்கேனுக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு நாற்காலியில் இரண்டு பேரையும் மாற்றி மாற்றித் தள்ளினேன். அவர் திருப்பத்தூர்ப் பக்கம். மகள் கோயம்புத்தூரில் மில்லில் வேலை, "அதுக்கு லீவு குடுக்க மாட்டாக" என்றார்.

ஒரு மணிக்கு ரத்தப் பரிசோதனை ஜன்னலில் சொன்னார்கள்: "ரிசல்ட் நாளைக்கு வாங்க."

மூன்றே வார்த்தை. இரண்டு பேருக்குப் போக வர பஸ், ஆட்டோ, டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து அன்றைக்கு மட்டும் எனக்கு 740 ரூபாய் ஆகியிருந்தது. காப்பீட்டு அட்டையில் வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை பெரிய சிகிச்சைக்கு உண்டு. ஆபரேஷன் என்றால் அதுதான் தெய்வம், ஆச்சி வீட்டு வேலைக்கார அக்காவின் அண்ணனுக்கு இதய ஆபரேஷனே அதில்தான் நடந்தது. ஆனால் "நாளைக்கு வாங்க"வுக்கு அட்டை செல்லாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பத்தா தன்னுடைய கண் ஆபரேஷன் கதையைச் சொன்னார், எத்தனையாவது தடவையோ. ரெண்டு வருஷம் முன்னால் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரர்கள். புரை என்று சொன்னவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய், தங்க வைத்துச் சாப்பாடு போட்டு, ஆபரேஷன் பண்ணி, ஊரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. அப்பத்தாவுக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. அவருக்குப் பிடித்தது வேறு. "பஸ்ஸுல இருந்தவுக எல்லாம் கெழவிகதான் அப்பு. ஒருத்தருக்கொருத்தர் சோறு எடுத்துக் குடுத்துக்கிட்டோம். ஒருத்தரும் என்னைய தொணைக்கு யாருன்னு கேக்கல."

ஐந்தாம் நாள், வெள்ளி

ரிசல்ட்டுக்கு நான் போகவில்லை. நேற்றே அந்த ஜன்னலில் இருந்த நர்ஸம்மா, எங்கள் மூஞ்சியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, என் வாட்ஸப் எண்ணை வாங்கிக்கொண்டார். காலை பத்தரைக்கு போட்டோ வந்துவிட்டது. விதிப்படி அனுப்பலாமா கூடாதா தெரியாது, அதனால்தான் ஆஸ்பத்திரி பெயரையும் சொல்லவில்லை. போட்டோவோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் போனைப் பெரிதாக்கிப் பார்த்தார். எலும்புக்குப் போகவில்லை, ரத்த ஓட்டம் பரவாயில்லை, சர்க்கரைதான் எகிறியிருக்கிறது. மாத்திரையை மாற்றி இன்சுலின் சேர்த்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கேயே கட்டு. வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும் என்றதற்கு மட்டும் அப்பத்தா சம்மதிக்கவில்லை. சாமி அறைக்கு வெளியே மட்டும் என்று பேச்சுவார்த்தை முடிந்தது.

இன்சுலினை யார் போடுவது? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பெண் பக்கத்துத் தெருதான். 2021 ஆகஸ்டில் திட்டம் ஆரம்பித்ததிலிருந்து பையில் பிரஷர் மிஷினோடு சுற்றுகிறார். தினம் வர அவருக்கு முடியாது. "ரெண்டு நாள் சொல்லித் தர்றேன், பாட்டியே போட்டுக்குவாங்க" என்றார். அப்பத்தா ஊசியைப் பார்த்துவிட்டு, "கோணி ஊசி பிடிச்ச கைதானே" என்றார். என்னைவிடத் தைரியம்.

கிளம்பும் முன் ஆச்சி வீட்டு விவகாரம் மிச்சமிருந்தது. 'ஆம்புலன்ஸ் பின்தெரு வழியாக வரவும்' என்று முன்வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டலாம் என்று யோசனை சொன்னேன். ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் அப்பு, முன்கட்டுல யாருமில்லன்னு திருடனுக்கு எழுதி வைக்கவா? ஏற்கெனவே தூணை வெலைக்குக் கேட்டு வர்றானுக."

அதுவும் சரிதான். கடைசியில் முன்தெரு முக்கில் இருக்கும் டீக்கடைக்குப் போனோம். ஆச்சி வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தே வந்தார். ஆம்புலன்ஸ் வந்து முன்வாசலில் நின்றால் பின்தெருவுக்குக் கை காட்ட வேண்டும், பின்வாசல் சாவி ஒன்று கடையில் இருக்க வேண்டும். டீக்கடை அண்ணன் சாவியை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். ஆச்சியின் எண்ணை போனில் ஏற்றிக்கொண்டார். பால் கலந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஞாயித்துக்கெழமை கடை லீவு ஆச்சி. அன்னைக்கு மட்டும் விழுந்துறாதீக."